இரண்டாம் சரணத்துக்குப் பிறகு

பாடகர்கள் கதாநாயகனாக நடிக்கும் காதல் படங்கள் எனக்குப் பிடிக்கும். இதைச் சொன்னால் கடையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அந்தப் படங்களில் கதை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பையன் பாடுவான். பெண் அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டுவிடுவாள். இடைவேளை வரை அது யார் குரல் என்று தேடுவாள், அதற்குப் பிறகு தப்பான ஆளைக் கண்டுபிடிப்பாள், கடைசியில் ஏதாவது ஒரு மேடையில் சரியான ஆள் ஒரு வரி பாட, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வருவாள். நடிப்பு சுமார்தான். பாடகருக்கு அழ வராது, சண்டை போட வராது, சும்மா நிற்கும்போது கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் ஏழு பாட்டு இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு யாரும் யாரையும் வெட்ட மாட்டார்கள். எனக்கு அது போதும்.

போதுமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். இப்போது அப்படி ஒரு படத்தின் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. அதன் நாயகன் என் நண்பன்.

லாஸ்பேட்டையில் ஒரே கல்லூரியில் படித்தோம். படிப்பு முடிந்ததும் நான் பெரிய மார்க்கெட் பக்கத்தில் என் அத்தா நடத்தும் துணிக்கடைக்கு வந்துவிட்டேன். அவன் எந்த வேலையிலும் ஒரு மாதத்துக்கு மேல் நிலைக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே மெல்லிசைக் குழுவில் பாடினோம். முதலியார்பேட்டையில் கல்யாண மண்டபங்கள், மாதா கோயில் திருவிழா, எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டு நிக்காஹ் விருந்து என்று ஏழு வருடம் ஊரில் பாடாத இடம் இல்லை. அவன் முன்னால் நிற்பான், நான் அவன் இடது பக்கம். அவனுக்குத் தொண்டை கட்டிய நாட்களில் அவன் வாயை அசைக்க, நான் பின்னால் நின்று அவனைப் போலவே பாடியிருக்கிறேன். முதல் வரிசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டவர்களுக்குக்கூடத் தெரிந்ததில்லை. அதில் எனக்கு அநியாயப் பெருமை.

எங்கள் குழுவில் இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. கீபோர்டு வாசிப்பவர் கொஞ்சம் மெதுவான மனிதர். புல்லாங்குழல் சத்தத்திலிருந்து வயலின் சத்தத்துக்கு மாற அவருக்கு நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் மேடை செத்துப்போகாமல் யாராவது ஏதாவது முனகி நிரப்ப வேண்டும். அதற்கு நாங்கள் 'அடைப்பு' என்று பெயர் வைத்திருந்தோம். அடைப்பு எப்போதும் நான்தான். அவனுக்கு எழுதிக் கொடுத்ததைப் பாட வரும், அதை யாரும் அவனைப்போல் பாட முடியாது. எழுதாததைப் பாட வராது.

பிறகு ஒரு டிவி போட்டியில் ஜெயித்தான். ஊரெல்லாம் அவன் குரல். எனக்குத் திருமணம் நிச்சயமானபோது என் மனைவி தொலைபேசியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க அவரோட ஃப்ரெண்டாமே, நெஜமா?" என்பதுதான். நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

அவனை நாயகனாக வைத்துப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்த வாரமே அவனிடமிருந்து அழைப்பு வந்தது. "மாப்ள, எனக்கு மூணு மாசம் வெளிநாட்டுல கச்சேரி இருக்குது. நீ போயி ட்ராக் பாடிடு. நான் வந்து அத கேட்டுக்கினே பாடிடுறேன்." ட்ராக் என்பது கட்டடம் கட்டும்போது போடும் சாரம் மாதிரி. ஒருவர் முதலில் பாடி வைப்பார். பெரிய பாடகர் அதைக் காதில் கேட்டபடி தன் குரலில் பாடுவார். பிறகு முதல் குரலை அழித்துவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. கூடவே அவனாகவே சொன்னான்: "கோரஸ்லயும் உன்ன வெச்சிக்கச் சொல்லிருக்கேன். டைட்டில்ல உன் பேரு வரும்டா."

கடையில் நாலு நாள் விடுப்பு சொல்லிவிட்டுச் சென்னைக்குப் பேருந்து ஏறினேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: அவர் பாடுகிற மாதிரியே பாடுங்கள், அவருக்குச் சுலபமாக இருக்கும். அதைவிடச் சுலபமான வேலை எனக்கு உலகத்தில் கிடையாது. தொடக்கத்தில் அவன் விடும் காற்று, வரி முடிவில் மூக்குக்குள் போகும் ஒரு சின்ன வளைவு, எல்லாவற்றையும் அப்படியே வைத்தேன். கோரஸும் பாடிக் கொடுத்தேன். மூன்றாவது பாட்டில், இரண்டாம் சரணத்துக்குப் பிறகு நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, காலியாக இருந்தது. நிதானமாகப் பத்து எண்ணுகிற நேரம். "இங்க என்ன வரும்னு இன்னும் முடிவு பண்ணல, சும்மா விட்டுடுங்க" என்றார் இசையமைப்பாளர். பழக்கதோஷம், நான் விடவில்லை. மேலிருந்து இறங்கி, நின்று, திரும்ப அரைப்படி ஏறுகிற மாதிரி ஒன்றை ஒரே மூச்சில் முனகி அடைத்துவிட்டேன். அதையும் அவன் குரலில்தான் முனகினேன்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. அந்த நாலு பாரையாவது என் சொந்தக் குரலில் பாடியிருக்கலாம். ஏழு வருடம் இன்னொருத்தன் தொண்டையில் குடியிருந்தவனுக்கு அந்த நேரத்தில் சொந்த வீடு நினைவுக்கு வரவில்லை.

படம் வெளியான வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்துவிட்டு மனைவியை அழைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். கோரஸில் எங்கெல்லாம் என் குரல் வரும் என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். மூன்றாவது பாட்டு வந்தது. இரண்டாம் சரணம் முடிந்தது. அந்த நாலு பாரில் வந்தது என் மூச்சு. அழிக்கவில்லை. மாற்றவில்லை.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. கதையே அந்த முனகல்தான். நாயகி ரயில் நிலையத்தில் ஆயிரம் பேருக்கு நடுவில் அதைக் கேட்டு நிற்கிறாள். "எத்தன பேரு பாடினாலும் இது அவன் குரல்தான்" என்று சொல்லி அழுகிறாள். என் பக்கத்தில் என் மனைவியும் அழுதாள். நான் அவள் காதருகே குனிந்து, "அது நான்" என்றேன்.

"எது?"

"அந்த ஹம்மிங். நான் பாடினது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரித்தாள். "சரி, படத்தப் பாருங்க" என்றாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. கூட்டம் எழுந்து போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். என் பெயர் வந்ததும் படம் எடுக்க அவள் செல்போனைக் கையில் தயாராக வைத்திருந்தாள். சாப்பாடு போட்டவர்கள், வண்டி ஓட்டியவர்கள், நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் வரைக்கும் வந்தது. கடைசி வரி மேலே போய் விளக்கு எரிந்ததும், அவள் போனைக் கைப்பைக்குள் வைத்தாள்.

மறுநாள் கடையிலிருந்து அவனுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "பாத்துட்டியா மாப்ள?" என்றான்.

"அந்த ஹம்மிங் என்னோடதுடா."

மெதுவாகப் பேசினான். "ஆமாண்டா. நானும் பாடிப் பாத்தேன். ஒரு நாள் பூரா பாடினேன், எனக்கு வரல. இதே இருக்கட்டும், யாருக்கும் தெரியப் போறதில்லன்னுட்டாங்க."

"பேரு போடறேன்னியே."

"எப்படிடா போடறது? ஹீரோ குரல்தான் கதையே. நடுவுல வேற ஒருத்தன் குரல்னு தெரிஞ்சா படமே சிரிப்பாயிடும். கோரஸ்ல போட்டாலும் எவனாவது நோண்டுவான். நீயே யோசி. அடுத்த படத்துல முழுப் பாட்டு வாங்கித் தரேன். இத மட்டும் யார்கிட்டயும் சொல்லிக்காத."

துரோகம் என்பதெல்லாம் வசனக்காரர்கள் எழுதும் சொல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத் துணி கிழிக்கும்போது ஒரு சுடிதார் துணியைக் கோணலாகக் கிழித்தேன். அவன் திருடியதுகூட எனக்கு இரண்டாம் பட்சம். தனக்கு வரவில்லை என்பதை என்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டானே, அதுதான் ஆறவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவன் பேசியதை வரிக்கு வரி சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "சொல்லிருப்பாருங்க. பேரு வராததுல உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்லிருப்பாரு" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கேயே, அடுப்படி வாசலில் நின்று, அதைப் பாடிக் காட்டினேன். மேலிருந்து இறங்கி, நின்று, அரைப்படி ஏறி, ஒரே மூச்சில். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு வாய் பிளந்தாள்.

"அப்படியே அவரு மாதிரியே பாடறீங்க" என்றாள்.

என் மனைவி பொல்லாதவள் இல்லை. என்னைக் கேலி செய்யவும் இல்லை. எனக்காகப் பெருமைப்பட்டாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "இருக்கும்ங்க, இருக்கும்" என்பாள், காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி. அந்த 'இருக்கும்' கேட்டுக் கேட்டு நானே நிறுத்திக்கொண்டேன். அவள் போன் மணி அந்த முனகல்தான். அவள் அம்மா கூப்பிடும்போதெல்லாம் என் குரல் சமையலறையில் அவன் பெயரோடு ஒலிக்கும்.

படம் நூறு நாள் ஓடிய பிறகு அவன் ஊருக்குக் கச்சேரிக்கு வந்தான். லாஸ்பேட்டை மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் வீட்டுக்கு இரண்டு பாஸ் அனுப்பியிருந்தான், முதல் வரிசை. கிழித்துப் போடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு எனக்கு ஒரு எண்ணம் வந்து, அது என்னைத் தூங்கவிடவில்லை. மேடையில் ட்ராக் கிடையாது. அந்தப் பாட்டைப் பாடாமல் ஊர் அவனை விடாது. அந்த நாலு பார் வரும். அவனுக்கு வராது. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்பாள். ஊருக்குத் தெரிய வேண்டாம், அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். நண்பன் மேடையில் அசிங்கப்பட வேண்டும் என்று நான் காத்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

புதுப் புடவை கட்டிக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். மைதானம் நிறைந்திருந்தது. எட்டாவதாக அந்தப் பாட்டை எடுத்தான். நன்றாகவே பாடினான், அதில் பொய் சொல்ல மாட்டேன். முதல் சரணம் முடிந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் சரணத்தின் கடைசி வரியில் அவன் மேடை விளிம்புக்கு நடந்து வந்தான். வரி முடிந்தது. அவன் சிரித்தபடி மைக்கை வாயிலிருந்து எடுத்து, கூட்டத்தைப் பார்த்து நீட்டினான்.

மைதானம் மொத்தமும் பாடியது. குழந்தைகள் பாடினார்கள், நாற்காலி போட்டவர்கள் பாடினார்கள், பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கூட வாயை அசைத்தார். மேலிருந்து இறங்கி, நின்று, அரைப்படி ஏறியது. அவன் முதல் வரிசையில் என்னைப் பார்த்தான். பார்த்த வேகத்திலேயே வேறு பக்கம் பார்த்தான். என் வாய் மட்டும் திறக்கவில்லை.

என் மனைவி பாடி முடித்து மூச்சு வாங்கினாள். கண்ணெல்லாம் மினுங்க என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்ளோ பெரிய மனசு பாருங்க அவருக்கு" என்றாள். "பாட்டுலயே நல்ல எடம் அதான். அத அவரு பாடாம நமக்கு உட்டுக் குடுத்துட்டாரு."

"ஆமாம்" என்றேன்.