புத்தூர் வெயில்

வீராசாமி வாத்தியாருக்கு உலகம் ஒரு பூசணிக்காய். நாகலாபுரத்தை ஒட்டிய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடம் வந்தால் வீட்டிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார். அதன் மேல் சுண்ணாம்பால் குறுக்குக் கோடுகள் போட்டு, எதிரே விளக்கை ஏற்றி வைப்பார். நடுவில் வெளிச்சம் நேராக விழுகிறது, அங்கே சூடு அதிகம். மேலேயும் கீழேயும் போகப் போக அதே வெளிச்சம் சாய்ந்து விழுந்து பரவிப்போகிறது, அங்கே குளிர். "எந்தக் கோட்டுல உன் ஊரு கீதோ அந்தக் கோட்டு வெயிலுதாண்டா உனக்கு" என்று பாடத்தை முடிப்பார். சாயங்காலம் உலகம் அவர் மனைவி செங்கம்மாவின் குழம்புக்குள் போய்விடும்.

ஆந்திரா தனி மாநிலமானபோது அவர் ஊர் மெட்ராஸ் பக்கம் நின்றது. அதிலிருந்து அவருக்குள் ஒரு வீம்பு. ஒரே மகள் தாட்சாயணியை எல்லைக்கு அந்தப் பக்கம் கொடுப்பதில்லை. ஆனால் இதை வெளியே சொன்னால் படித்தவருக்கு அழகா? ஆந்திரப் பக்கத்துப் புத்தூரில் ஸ்டேஷன் அருகே சைக்கிள் கடை வைத்திருந்த முனிகிருஷ்ணன் பெண் பார்க்க வந்தான். தாட்சாயணிக்கும் பிடித்திருந்தது. வாத்தியார் பூகோளத்தைத் துணைக்கு அழைத்தார்.

"ராயலசீமை வெயிலு வேற வெயிலும்மா. எம்பொண்ணு தாங்காது" என்று பையனின் தாய் வள்ளியிடம் சொல்லிவிட்டார். பஸ் ஏறினால் புழுதி அடங்குவதற்குள் வந்துவிடும் புத்தூர் அன்று பாலைவனமாகிவிட்டது. தாட்சாயணி ஒன்றும் பேசவில்லை. பெண் சமாதானமாகிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஊத்துக்கோட்டையில் சந்திரன் என்ற பையன் அமைந்தான். அவரிடமே படித்தவன், மெட்ராஸ் மாநிலத்துப் பிள்ளை. பாக்கு மாற்ற நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் எல்லைத் தகராறு தீர்ந்து, அறுபதாம் வருஷம் ஏப்ரலில் திருத்தணி மெட்ராசுக்குப் போயிற்று, இந்தப் பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்கு வந்தன. வாத்தியார் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சித்தூர் ஜில்லாக்காரராகிவிட்டார்.

சித்திரை பாதியில் சந்திரனின் தகப்பனார் நாராயணசாமி வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க வாத்தியாரே. மாப்பிள்ளைன்னு ஆயிட்டா எம்பையன் வந்து போய்க்கினு இருக்கணும். இப்ப நீங்க சித்தூர் வெயிலு, அவன் தாங்கமாட்டான். எந்தக் கோடோ அந்தக் கோட்டு வெயிலுன்னு நீங்கதான அவனுக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

மகன் ஆந்திராவுக்கு மாப்பிள்ளையாவது நாராயணசாமிக்குப் பிடிக்கவில்லை. நேராகச் சொல்ல வாயும் வரவில்லை. இந்த வியாதி வாத்தியாருக்கு நன்றாகத் தெரிந்த வியாதிதான். என்ன செய்வது, அடுத்தவருக்கு வந்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அறியாமை என்று நினைத்துக்கொண்டு பாடம் எடுக்கக் கிளம்பிவிட்டார்.

உச்சி வேளைக்கு வாசலில் உலக்கையைச் செங்குத்தாக நட்டார். நிழல் குறுகிக் குறுகி வந்து, உலக்கையின் அடியிலேயே காணாமல் போயிற்று.

"பாத்தீங்களா? சூரியன் நேரா உச்சந்தலையில கீது. வருஷத்துல ரெண்டு தடவதான் நம்ம கோட்டுக்கு இப்பிடி வரும். உங்க ஊத்துக்கோட்டையிலயும் இப்ப இதே கதைதான். ஏன், புத்தூர்ல நட்டுப் பாருங்க, அங்கயும் நிழல் இருக்காது. மூணு ஊரும் ஏறக்குறைய ஒரே கோடு. சர்க்கார் கல்லு நட்டா சூரியனுக்கு இன்னா தெரியும்?"

மோர் கொண்டுவந்த தாட்சாயணி வாசற்படியிலேயே நின்றாள்.

"அப்ப புத்தூர்க்காரங்கள எதுக்கு நைனா திருப்பி அனுப்புன?"

வாத்தியார் உலக்கையைப் பார்த்தார். ஒதுங்க அங்கே நிழல் இல்லை. நாராயணசாமி மோரை நிதானமாகக் குடித்துவிட்டு, "பொண்ணு கேக்கறது நாயந்தான்" என்று மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தப்பித்த சந்தோஷம் அவர் நடையிலேயே தெரிந்தது.

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. சம்பந்தம் போனதைவிட, இந்தக் கேள்வியை இத்தனை நாள் பெண் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாளே என்பதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் புத்தூர் பஸ் ஏறினார்.

வள்ளி கதவைத் திறந்தாள். அவர் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும்வரை நிலைப்படியிலேயே நின்று கேட்டாள்.

"எம்பையன் இன்னும் கட்டிக்காமத்தான் கீறான்" என்றாள். "ஆனா எங்க ஊரு வெயிலு உங்க பொண்ணு தாங்காதுன்னீங்களே. இப்ப வெயிலு கொறஞ்சிடுச்சா?"

பூசணிக்காயை வைத்து இதற்கும் ஒரு பதில் சொல்லியிருக்கலாம்.

"வெயிலு அன்னிக்கும் இதேதாம்மா" என்றார் வாத்தியார். "ஆந்திராவுல குடுக்கக்கூடாதுன்னு எனக்கு ஒரு வீம்பு. அத மறைக்க வெயில இழுத்தேன்."

வள்ளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வழுக்கைத் தலையில் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. கதவை அகலத் திறந்துவிட்டு வழி விட்டாள்.

"உள்ள வந்து குந்துங்க. வெயில்ல நின்னுக்கினு இன்னா பேச்சு."