டம்ளர் உருளுற சத்தம்

இது நடந்துச்சுங்க. நம்பாதவங்க இப்பவே எழுந்து போயிடலாம், எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. லிங்கராஜபுரத்துல, கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டுல நடந்தது. எனக்குச் சொன்னது லாயிட். பொய் சொல்ற அளவுக்கெல்லாம் அவனுக்குச் சாமர்த்தியம் பத்தாது.

லாயிட் கோயில் பாடகர் குழுவுல கிட்டார் வாசிக்கிறவன். அவன் சிநேகிதன் ஃபிராங்க்ளின் பேஸ் கிட்டார். ஃபிராங்க்ளின் பொண்டாட்டி ஆஞ்சலாவுக்கு அப்போ எட்டு மாசம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஏங்கினதுக்கு அப்புறம் தங்கின புள்ள. பி.பி. எகிறிக் கிடக்கு, தனியா மட்டும் விடாதீங்கன்னு டாக்டரம்மா கறாராச் சொல்லியிருந்தாங்க. இவனும் லீவு போட்டுட்டு வீட்டோட கிடந்தான். அவ மேல மனுஷனுக்கு அப்படி ஒரு பிரியம்.

ஈஸ்டருக்கு முந்தின அந்த வாரம்தான், கிட்டாரோட மாட்டுற பெடல் ஒண்ணு வாங்கினான். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். ஒரு அமுக்குக்கு பேஸ் உறுமும், இன்னொரு அமுக்குக்குக் குழையும். வாசிச்சதைப் பிடிச்சு வச்சு, திரும்பத் திரும்பச் சுத்தவும் விடும். அதுக்குப் பேர் லூப். லூப் ஓடினா சிவப்பு லைட் எரியும். இந்த லைட்டை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

புதன்கிழமை சாயங்காலம். உள் ரூம்ல உக்காந்து ஹெட்போனை மாட்டி, பெடலை ஆன் பண்ணினான். கம்பியில இன்னும் விரலே வைக்கலை.

டங்...

எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு விழுந்து, உருண்டு, சுவத்துல முட்டி நிக்கிற சத்தம்.

பதறியடிச்சு ஓடினான். ஆஞ்சலா ஹால்ல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தா.

"என்ன விழுந்துச்சு?"

"எதுவும் விழலையே."

திரும்பி வந்து மாட்டினா, மறுபடியும் அதே டங். மறுபடியும். குனிஞ்சா, சிவப்பு லைட் எரியுது. அட, லூப்! கடையில எவனோ வாசிச்சுப் பாத்த பெடல் போல. அட்டைப்பெட்டி மேல டேப்பு கூட ரெண்டாம் தடவை ஒட்டின மாதிரிதான் இருந்துச்சு. அழிச்சுட்டு ஆஃப் பண்ணினான்.

மறுநாள், பெரிய வியாழன் மத்தியானம், மறுபடி ஆன் பண்ணினான். டங். உருளல். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. அப்புறம், ரொம்ப தூரத்துலேர்ந்து ஒரு பொம்பளைக் குரல்...

"என்னங்க..."

ஓடினான். ஆஞ்சலா அரைத்தூக்கத்துல முறைச்சா.

"கூப்பிட்டியா?"

"கொஞ்ச நேரம் தூங்க விடுறீங்களா இல்லையா?"

லைட் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. சரியா அழியலை போல, கடைக்காரன் வீட்டம்மா குரலா இருக்கும்னு சிரிச்சுக்கிட்டான்.

இங்க ஒண்ணு சொல்லணும். பெரிய வியாழன் பூசையில வானவர் கீதம் முடிஞ்சுட்டா, கோயில்ல வாத்தியம் எல்லாம் வாயை மூடிக்கும். மணி கூடக் கிடையாது, மரக்கட்டைதான் தட்டுவாங்க. சனிக்கிழமை ராத்திரி உயிர்ப்புப் பூசையில அதே கீதம் திரும்ப வரும்போதுதான் மணியும் வாத்தியமும் ஒண்ணா அதிரும். அந்த இடத்துல தன் பேஸ் புதுப் பெடலோட இறங்கணும்னு ஃபிராங்க்ளினுக்குக் கொள்ளை ஆசை. பெரிய வெள்ளியில வாசிக்கக்கூடாதுதான். ஆனா ஹெட்போன்ல வாசிச்சா யாருக்குக் கேக்கப்போகுது? அங்கதான் அவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு.

பெரிய வெள்ளி, மத்தியானம் மூணு மணி. மாமியார் பியாட்ரிஸ் கோயிலுக்குப் போயிட்டாங்க. தெருவே அடங்கிக் கிடந்துச்சு. ஆஞ்சலா ஹால்ல படுத்திருந்தா. இவன் உள் ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு.

கண்ணை மூடி வாசிச்சுக்கிட்டிருந்தான்.

டங்...

உருளல்.

அப்புறம் ஒண்ணுமில்லை.

"என்னங்க..."

"வந்துட்டியாம்மா நீ"ன்னு சிரிச்சான். எழுந்திரிக்கலை. ரெண்டு தடவை ஓடி அசடு வழிஞ்சது போதும்னு இருந்துச்சு. அடுத்த சுத்துல அந்த டம்ளரோட சேத்து ஒரு தட்டு தட்டுவோம்னு விரலைக் கம்பியில வச்சுக் காத்திருந்தான்.

வரலை.

லூப்புன்னா திரும்ப வரணுமே...

குனிஞ்சு பாத்தான்.

லைட் எரியலை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிஞ்சுட்டு ஓடினான். சமையலறைச் சுவரோரம் டம்ளர் கிடந்துச்சு. கொட்டின தண்ணியில ஆஞ்சலா. ஃபிட்ஸ் வந்து, கண்ணு மேல சொருகி... ஐயோ, அதை என்னால சொல்ல முடியலைங்க. கீழ் வீட்டு மமதாதான் "பேக, பேக, சீக்கிரம்!"ன்னு கத்திக்கிட்டே ஓடி ஆட்டோவைப் பிடிச்சா. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிப் பொம்பளைப் புள்ளையை உயிரோட எடுத்தாங்க. ஆஞ்சலா கண்ணைத் திறக்கவே இல்லை. "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..."ன்னு டாக்டரம்மா ஆரம்பிச்சு, அவன் முகத்தைப் பாத்ததும் நிறுத்திட்டாங்க.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச சாயங்காலம், லாயிட் அந்த வீட்டுக்குப் போனான்.

"அந்தப் பெடலை எடுத்துட்டுப் போயிடு மச்சா. கடையில எவனோ விட்டு வச்ச லூப்பால என் ஆஞ்சி போயிட்டா. அவ கூப்பிட்டா... நான் சிரிச்சேன்டா."

அப்போதான் முழுக்கதையும் சொன்னான். லாயிட் ஒரு மாதிரியாப் பாத்தான்.

"இதுல மைக்கே கிடையாது மச்சா. குரல் எப்படிப் பதியும்?"

லாயிட் பெடலைத் திருப்பிக் காட்டினான்.

"அதோட, இந்தப் பெடலை ஆஃப் பண்ணினா லூப் அழிஞ்சிடும். கடையிலேர்ந்து எப்படி வரும்?"

செஞ்சும் காட்டினான். கிட்டாரை மாட்டி, நாலு தட்டு தட்டி, லூப் போட்டு, ஆஃப் பண்ணி, மறுபடி ஆன் பண்ணினான். ஹெட்போனைக் காதுல வச்சான்.

"பாரு, ஒண்ணும் இல்..."

முகம் வெளுத்துப் போச்சு. ஹெட்போனைக் கழட்டி ஃபிராங்க்ளின் கையில குடுத்தான்.

உள்ள ஒரு பச்சைப்புள்ள இருமுது.

மூச்சு கிடைக்காம.

திரும்பத் திரும்ப...

சிவப்பு லைட் எரியுது.

ரெண்டு பேரும் தொட்டிலைத் திரும்பிப் பாத்தாங்க. பாப்பா விரலைச் சூப்பிக்கிட்டுத் தூங்கிக்கிட்டிருந்தா.

லாயிட் பெடலை எடுத்துட்டுப் போகலை, ஃபிராங்க்ளின் விடலை. வேலையையும் விட்டுட்டு, தொட்டில் பக்கத்துலயே அதை ஆன்ல வச்சுக்கிட்டு, லைட் எப்போ அணையும்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான். நேத்துதான் லாயிட் போய்ப் பாத்துட்டு வந்தான். லைட் இன்னும் எரியுதாம். பாப்பா இதுவரைக்கும் ஒரு தடவை கூட இருமலையாம்.