கொழும்பைப் பார்த்துக் கட்டிய வீடு

அசர் தொழுகை முடிந்ததும் மஜீதா முக்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போகிறாள். மதிலோரம் உட்கார்ந்து, "சுலைகா, இருக்கியா?" என்கிறாள். "இருக்கேன் ராத்தா" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது. ஐந்து வருஷப் பேச்சு இது. முகம் பார்த்துக்கொண்டது இரண்டு கல்யாண வீடுகளில்தான்.

கீழக்கரையின் பழைய தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்புறம் ஆள் அகலத்துக்கு ஒரு முடுக்கு. ஆண்கள் அதில் கால் வைக்க மாட்டார்கள். தெருவில் இறங்காமலே பெண்கள் ஒன்பது வீட்டுக்குப் போய்வருவார்கள். அங்கே இருந்த காலத்தில் மஜீதா வட்டலப்பம் அவித்தால் சூடு ஆறுமுன் ஒன்பதாம் வீட்டில் இருக்கும்.

அவள் புருஷன் சதக்குக்குக் கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம். அங்கே பெரிய மனிதர்கள் குடியிருக்கும் தெருக்களைப் பார்த்து மயங்கி, ஊருக்கு வெளியே இந்தப் புதுத்தெருவில் வீடு கட்டினார். நாற்பதடி ரோடு, காற்று, வெளிச்சம், சுற்றிலும் எட்டடி மதில். முடுக்கைத்தான் மறந்துவிட்டார். கொழும்பில் நாலு பேரோடு ஒரே அறையில் படுக்கிற மனுஷன். விஸ்தாரத்துக்கு ஆசைப்பட்டது தப்பா? அவரைப் பார்த்து, சுலைகாவின் புருஷன் உள்பட, கொழும்பிலிருந்த மற்றவர்களும் அப்படியே கட்டினார்கள். பாஸ்போர்ட் கெடுபிடி வந்தபின் அவர் வருவது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பிள்ளையும் இல்லை. ஆண்துணையில்லாமல் மஜீதா ரோட்டில் இறங்கியதே கிடையாது.

மதிலில் ஒரு சின்னக் கதவு வைக்கட்டுமா என்று அவருக்கு மூன்று கடிதம் எழுதிக் கேட்டாள்.

"கதவு வச்சா மதிலுக்கு என்ன மரியாதன்னு மச்சான் எழுதியிருக்காக" என்று சுலைகாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

போன வாரம் இரண்டு நாள் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மஜீதாவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மதிலடியில் இருமல் கேட்டது.

"என்ன புள்ள ஆச்சு?"

"காய்ச்சல், ராத்தா. வேலைக்காரியும் வரல. ஒங்க சத்தமாச்சும் கேக்கலாம்னு இங்கன வந்து ஒக்காந்திருக்கேன்."

மஜீதா எழுந்து வீட்டுக்குள் போனாள். தேங்காய் உரிக்கும் கடப்பாறையை எடுத்துவந்து மதிலின் அடிவரிசையில் குத்தினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. ஒரு செங்கல் பெயர்ந்தது, பிறகு இன்னொன்று. வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, மண்ணில் ஒருக்களித்துப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டாள். கொதிக்கும் ஒரு நெற்றி வந்து அவள் உள்ளங்கையில் சாய்ந்தது.