அப்பா மிச்சம் பிடித்த தண்ணீர்

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் இந்த நினைவு மலரில் அப்பாவின் பெருமைகளை எதிர்பார்ப்பீர்கள். "மலர் போட்டா எம் பெருமைய மட்டும் எழுதாதட்டி. சேவியர் கால் நசுங்குனதையும் எழுது" என்று மகளான என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அப்பா கண்மூடினார்கள். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அப்பா பசுவந்தனையில் மானாவாரி விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டில் பிறந்து, கோவில்பட்டியில் பம்புசெட் எஞ்சின் வேலை பழகி, தொண்ணூறுகளில் குளத்தூரில் குடியேறினார்கள். பக்கத்துக் கடற்கரையில் படகு மோட்டார்களைப் பழுதுபார்த்தார்கள். கரிசல்காட்டு ஆளுக்குக் கடலைப்பற்றி என்ன தெரியும் என்று சிரித்தவர்களே பிறகு தேடி வந்தார்கள். ஆனால் அப்பா ஒரு குடம் தண்ணீருக்கு ஊர் ஊராக அலைந்து வளர்ந்தவர்கள்; நல்ல தண்ணீர் சிந்தினால் பதறிப்போவார்கள்.

படகுக்காரர் சேவியர் அண்ணாச்சியின் மோட்டாரில், படகைத் திருப்பும் கைப்பிடி இறுகிப்போனது. அப்பா கிரீஸ் வைத்துச் சரிசெய்தார்கள். தினமும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு, "குடிக்கவே தண்ணியக் காணோம், இரும்புக்கு ஊத்தவா? தொடச்சிட்டு மேல கிரீஸ வையும்" என்றார்கள். அண்ணாச்சி நம்பினார்.

சில மாதங்களில், கரை திரும்பும்போது அலைக்கு நடுவே கைப்பிடி அசையவே இல்லை. படகு கல்லில் மோதி அண்ணாச்சியின் கால் நசுங்கியது. அதற்குப்பின் அவர் கடலுக்குப் போகவில்லை.

மோட்டாரைப் பிரித்தது அப்பாதான். அது திரும்பும் தண்டைச் சுற்றி உப்பும் பழைய கிரீஸும் காரைபோல இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டி, அழுக்கெல்லாம் வெளியேறும்வரை புது கிரீஸை ஏற்றினார்கள். கைப்பிடி ஒற்றை விரலுக்குத் திரும்பியது. முதலில் கழுவுங்கள், பிறகு கிரீஸ் வையுங்கள், படகு சும்மா நின்றாலும் கைப்பிடியை இரண்டு பக்கமும் திருப்பிவிடுங்கள் என்று அதன்பின் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொன்னார்கள். அண்ணாச்சி எதிரே வந்தால் மட்டும் சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுவார்கள். அவர் முகத்தைப் பார்க்க நாங்களும் கூசினோம். அப்பா இறந்த செய்தியைக்கூட அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை.

துக்கத்தில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. ஒருவருக்கு மட்டும் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை.

அப்பா இறந்த அன்று தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்பாவைக் குளிப்பாட்ட வழியின்றி நின்றபோது ஆட்டோ வந்தது. குடங்களில் நல்ல தண்ணீரோடு, காலை இழுத்தபடி சேவியர் அண்ணாச்சி இறங்கினார். பழக்கதோஷத்தில் நாங்கள் செம்பில் அளந்து அளந்து ஊற்றினோம். அவர் பொறுக்காமல் அருகே வந்தார்.

"அவியளுக்குமா மிச்சம் பிடிக்கீய? நல்லா ஊத்துங்க."