விரதகாரப் பிள்ளை

என்னுடைய விரதங்களில் முக்கால்வாசி அரிசி இல்லாத நாட்களில்தான் வந்தன. அது தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குப் பின்புறம் ஒரு வீட்டில் அறையெடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். நான் திருகோணமலைப் பக்கத்துப் பெண், வீடு அங்கேதான். சண்டையில் பாதை பூட்டிய பிறகு அங்கிருந்து கடிதமும் இல்லை, காசும் இல்லை. ஊருக்குப் போவதென்றால் பயணப் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் கிடைத்தாலும் கிளாலிக் கடலேரியில் இருட்டில் படகேறி, கடற்படையின் சூடு விழாமல் அக்கரை சேரவேண்டும். சேர்ந்தாலும் இறுதியாண்டுச் சோதனை எழுதத் திரும்பி வரமுடியாது. ஆக, சோதனை முடியும்வரை அந்த அறையிலேயே கிடக்கவேண்டும். கிடப்பதற்குச் சாப்பாடு இல்லை.

அறைக்குப் பின்னால் எனக்கென்று ஒரு அடுப்பு இருந்தது. கிணற்றடியில் நின்றால் அது புகைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். வீட்டுக்கார அக்கா எந்நேரமும் கிணற்றடியில்தான். அவருடைய கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே அகப்பட்டுவிட்டார். அக்கா நிவாரண அரிசியில் காலத்தை ஓட்டினார். நான் பட்டினி என்று தெரிந்தால் தன் சோற்றில் பாதியைத் தந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அவருக்கே காணாத சோறு. எனக்கு அந்தப் பயம்தான். ஒரு வெள்ளிக்கிழமை பிடிபட்டேன்.

"ஏன் பிள்ளை, இண்டைக்கு அடுப்பு மூட்டேல்லையோ?"

"விரதம் அக்கா."

வாயில் வந்ததைச் சொன்னேன். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்கினேன். சதுர்த்தி, சஷ்டி, பிரதோஷம், பூரணை என்று ஏதோ ஒன்று வந்துகொண்டேயிருந்தது. காலையில் முழுகி, திருநீறு பூசி, வெறும் தேத்தண்ணியோடு நூலகத்துக்குப் போய்க் குந்துவேன். மத்தியானத்துக்குப் பிறகு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் அப்பா கண்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பசி என்று சொன்னால் பரிதாபப்படுகிற ஊர், விரதம் என்றால் மரியாதை தருகிறது. என் விரத நாட்களில் அக்கா தன் அடுப்பிலும் மீன் காய்ச்சுவதை நிறுத்தினார். ஒழுங்கையில் போனால் பெண்கள் "விரதகாரப் பிள்ளை" என்று சொல்லி ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. அதற்கு முதல்நாள், என்னோடு படித்த கரவெட்டிப் பெண் சைக்கிளில் ஒரு பை அரிசி கொண்டுவந்து தந்தாள். அவர்களுடைய வயலில் விளைந்த சிவப்பரிசி. கதவைச் சாத்திவிட்டுப் பைக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தேன். சோதனைக்கு இன்னும் ஒரு கிழமைதான், ஏழு நாள். இனித் தப்பிவிடுவேன் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் அக்கா வந்து வாசலில் நின்றார்.

"அவர் இந்தக் கிழமை கிளாலியாலை வாறாராம், சொல்லி அனுப்பியிருக்கிறார். சஷ்டி ஆறு நாளும் நீ அவருக்காக விரதம் பிடி பிள்ளை. நானும் பிடிக்கலாம், ஆனா முருகன் கேக்கமாட்டார். நான் வாய்க்கு வந்தபடி ஏசுறனான். நீ சுத்தமாப் பிடிக்கிறனி."

"ஓம் அக்கா" என்றேன்.

மிளகை விழுங்கித் தண்ணீர் மட்டும் குடிக்கிற கடும் விரதம். மிளகை அக்காவே எண்ணிக் கொண்டுவந்து தருவார். அரிசிப் பை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அடுப்பை மூட்டமுடியாது. ஒருதரம் அரிசியைப் பச்சையாகவே ஒரு பிடி அள்ளி வாயருகே கொண்டுபோனேன். முகம் பார்த்திராத அந்த மனிதர் இருட்டில் படகுக்குள் குனிந்து இருப்பது கண்ணுக்குள் வந்தது. திரும்பப் பைக்குள் போட்டுவிட்டேன். சாமியை நம்பாதவள் நான், ஆனாலும் பயந்தேன். கத்தவேண்டும் போலிருந்தது. கத்தத் தெம்பில்லை.

நாலாம் நாள் கிணற்றடியில் வாளியோடு சரிந்து விழுந்தேன். அக்கா தாங்கிக்கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார். ஈரத்தைத் துடைக்கக் கட்டிலடியில் துணி தேடியபோது பை அவர் கையில் தட்டுப்பட்டது.

"இவ்வளவு அரிசியை வைச்சுக்கொண்டோ கிடக்கிறாய்?"

இனி மறைக்க என்னிடம் சக்தி இல்லை.

"அக்கா, நான் ஒருநாளும் விரதம் பிடிக்கேல்லை. அரிசி இல்லை, அதுதான் அப்பிடிச் சொன்னனான். இப்ப அரிசி இருக்கு, விரதமும் வந்திட்டுது."

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் அடுப்பை மூட்டினார். ஒழுங்கை முழுக்கப் பார்க்கப் புகை எழும்பியது. நான் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் அவர் கையைப் பற்றினேன்.

"அவர் வந்து சேரட்டும் அக்கா. நான் தாங்குவன்."

"அவருக்கு நீந்தத் தெரியும்," என்றார் அக்கா. "நீ சாப்பிடு."

சுடுசோறும் உப்பும் பச்சைமிளகாயும். அக்கா எனக்குப் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் அடுப்பைப் பார்த்தபடி இருந்தார்.

அந்தக் கிழமை அவர் வரவில்லை. படகு திரும்பிப் போய்விட்டது என்றார்கள், படகு வெளிக்கிடவே இல்லை என்றார்கள். ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லை. விரதம் முறிந்ததால்தான் என்று அக்கா ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் வேறு அறை பார்த்துக்கொண்டு போயிருப்பேன். அது எனக்கு லேசாகவும் இருந்திருக்கும். அவர் சொல்லவேயில்லை. சோதனையன்று காலையில் வாசல் கேற்றடியில் சைக்கிள் சத்தம் கேட்க, அக்கா அகப்பையோடு ஓடிப்போய்ப் பார்த்தார். யாரோ ஒழுங்கையால் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து என் கோப்பையில் சோற்றைப் போட்டு, "ஆறப்போகுது, சாப்பிட்டிட்டுப் போ" என்றார்.

அக்கா பார்த்துக்கொண்டு நின்றதால் மிச்சம் விடாமல் சாப்பிட்டேன்.