அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளிகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார் ஏழுமலை. பதினொன்று என்றால் பதினொன்று. அந்த விஷயத்தில் அவரிடம் நான் குறை கண்டதில்லை. பதினொன்றேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. அவர் மனைவி செல்வி. “அது எய்ந்திரிக்கவே இல்லம்மா. எய்ப்பி எய்ப்பிப் பாத்தேன்” என்றாள். எது எழுந்திருக்கவில்லை என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது, அவரோடு உட்கார்ந்து படிப்பதற்காக எடுத்து வைத்திருந்த எட்டாம் எபிசோடின் திரைக்கதைத் தாள்கள் என் மடியில் இருந்தன.

தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்து மூன்று வயது. திருவொற்றியூரில் அவர் வீட்டு வாசலில் உங்களில் பலர் நின்றிருந்தீர்கள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. “நல்ல மனுஷன். அந்த நாவலக் கெடுக்காம இருந்திருக்கலாம்” என்றார் ஒருவர். நான் திரும்பிப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நண்பர்கள் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு எழுதித் தரக் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டது அதனால்தான்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘ஒன்பதாம் கிடங்கு’ எழுதியவரின் மனைவி நான். மறைந்த என் கணவர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே வாரப் பத்திரிகையில் தொண்ணூற்றாறு வாரம் அதைத் தொடராக எழுதினார். புத்தகமானபோது ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. எண்ணூரில் ஒரு கிடங்குக் காவலாளி வேலை முடிந்து வந்து உள்ளறையில் போய் உட்கார்கிறான். அதன்பின் வெளியே வருவதில்லை. அவன் மனைவி கன்னியம்மா சோற்றுத் தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். தட்டு காலியாகத் திரும்பி வருகிறது. ஊரே வாசலில் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. உள்ளே இருப்பதைக் கடைசிவரை யாரும் பார்ப்பதில்லை.

இதைப் படமாக்க ஏழுமலைக்கு முன்பே மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்காது என்று திருப்பித் தந்தார். ஒருவர் உள்ளே இருப்பதற்கு நகமும் பல்லும் வைத்துப் படம் வரைந்து கொண்டுவந்தார். அவரை நானே அனுப்பிவிட்டேன். மூன்றாமவர் முந்நூறாம் பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை என்பது நான் கேட்ட இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

ஏழுமலை வந்தபோதும் எனக்கு உற்சாகமில்லை. சினிமாவில் நம் பகுதி ரவுடிகளுக்கும் கோமாளிகளுக்கும் வசனம் எழுதுபவர் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். நான் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் இந்த ஊர்ப் பேச்சு என் நாவில் ஏறாதபடி எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரீகள் பார்த்துக்கொண்டார்கள். என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். “எங்க பாஷையில சிரிக்க வெச்சிட்டாங்க, வெட்டவும் வெச்சிட்டாங்க. பயப்பட மட்டும் யாரும் வெச்சதில்லமா” என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் காபி போட எழுந்தேன்.

ஒரு வாரத்தில் என் கூடத்தின் குறுக்கே துணி காயப்போடும் கயிற்றைக் கட்டிவிட்டார். தொண்ணூற்றாறு அத்தியாயங்களுக்கும் ஒவ்வொரு சீட்டு. அவற்றைக் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டார். எட்டு எபிசோடுக்குள் அடங்க வேண்டும் என்பது நாவலைத் தொடராக எடுக்கும் நிறுவனத்தின் நிபந்தனை. அவர் ஒரு சீட்டைக் கழற்றுவார். அவர் போன பிறகு நான் அதை மாட்டிவைப்பேன். தொடர்கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடிந்திருந்தது. அதுதான் பெரிய தொல்லை என்றார். “வாரத்துக்கு ஒரு தபா திடுக்குனா தாங்கும். வரிசையா தொண்ணூத்தாறு தபா திடுக்குனா தூக்கம் வந்துடும்மா.” என் கணவரின் எழுத்தைப் பற்றி என் வீட்டிலேயே உட்கார்ந்து இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம். ஆனால் அன்று மாலை நானே எண்ணிப் பார்த்துப் பதினேழு சீட்டுகளைக் கழற்றினேன்.

மாதா தேர்ப் பவனி வரும் அத்தியாயத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றேன். புத்தகத்திலேயே அழகான பகுதி அது. ஏழுமலை மறுக்கவில்லை. “கான்வென்ட்டம்மா, தேரு சூப்பரா கீது. ஆனா நாம தேரு பின்னால பூட்டா, கதவாண்ட யாரும்மா நிப்பாங்க?” என்று மட்டும் கேட்டார். கான்வென்ட்டம்மா என்று என்னை அவர் முதன்முதலாகக் கூப்பிட்டது அன்றுதான். அதைக் கண்டிக்க நினைத்திருந்தேன். கதவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன். நாவல் படிப்பவர் தேரையும் பார்க்கலாம், கதவையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். திரையில் கண் போகும் இடத்துக்குத்தான் பயமும் போகும். இதை எனக்கு விளங்கவைக்க அவருக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

உள்ளே இருப்பதன் முகத்தைக் கடைசி எபிசோடிலாவது காட்டச் சொல்லி நிறுவனத்திலிருந்து நச்சரித்தார்கள். “காட்டினா அளவு தெரிஞ்சிடும் சார். அளவு தெரிஞ்சா அப்பால இன்னா பயம்?” என்று தொலைபேசியில் அவர் சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னாரே தவிர, அவருக்குள்ளும் கலக்கம் இருந்தது. காட்டவும் கூடாது, பயமும் வர வேண்டும் என்றால், பயம் எங்கிருந்து வரும்? மூன்று மாதம் கழித்து ஒருநாள் பேனாவை மூடிவிட்டு, ஆயிரம் பக்கத்தையும் நாலு தடவை படித்தாயிற்று, பயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். எழுதியவர் மறந்தாரா, நான்தான் பார்க்கவில்லையா என்றும் கேட்டார். நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஒன்றும் நடக்காதது போல வந்து நின்று, எண்ணூருக்குப் போகலாம் வாங்க என்றார்.

கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. பழைய கிடங்குகள் எந்தப் பக்கம் என்று கேட்க, முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் நின்றோம். ஒரு பெண் அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். வழி தனக்குத் தெரியாது, ஆம்பளைகளுக்குத்தான் தெரியும் என்றாள். வீட்டுக்காரர் இல்லையா என்று ஏழுமலை கேட்டார். அவள் கரண்டியை நிறுத்தாமல், “உள்ள கீது” என்றாள்.

‘கீது’ என்றால் இருக்கிறது. நம் பகுதியில் கணவனை ‘அது’ என்று சொல்லும் பெண்கள் உண்டு. ‘அது சாப்ட்டுச்சி’, ‘அது இன்னும் வரல.’ கூச்சம், உரிமை, கொஞ்சம் சலிப்பு எல்லாம் சேர்ந்த பேச்சு. யாரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்வதில்லை. ஏழுமலையும் சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் சிரிப்பு நின்றது. அந்த இருட்டான வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் திரும்பினோம். ராயபுரத்தில் இறங்கியதும், “அம்மா, ஐயா கையால எய்துன நோட்டு கீதா?” என்று கேட்டார்.

இருந்தது. நாலு நோட்டுகள். இத்தனை ஆண்டுகளில் நான் அவற்றைப் பிரித்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. என் கணவர் எழுதியதைப் பத்திரிகைக்குப் படியெடுத்துக் கொடுத்தவள் நான். என் எழுத்து அழகு, பிழை இருக்காது. வாசலில் வந்து விசாரிப்பவர்களுக்கெல்லாம் கன்னியம்மா “உள்ள கீது” என்று பதில் சொல்வதாகத்தான் அவர் எழுதியிருந்தார். ஒரு மனைவி புருஷனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று எனக்கு அருவருப்பு. காசிமேட்டில் வளர்ந்த பழக்கத்தில் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அவரைக் கேட்கவில்லை. சிவப்பு மையில் அடித்துவிட்டு, மேலே “அவர் உள்ளே இருக்கிறார்” என்று எழுதினேன். ஒவ்வொரு இடத்திலும் அப்படியே செய்தேன்.

நான் செய்தது என்னவென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ‘உள்ள கீது’ என்று கன்னியம்மா சொல்லும்போது, பெண்கள் பேசுகிற பேச்சுதானே என்று ஊர் நினைக்கும். படிப்பவரும் முதலில் அப்படித்தான் நினைப்பார். எங்கோ ஒரு பக்கத்தில், இவள் பழக்கத்தில் சொல்லவில்லை, உள்ளே இருப்பது மனிதனில்லை என்ற உண்மையைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள் என்று உறைக்கும். ஆயிரம் பக்கமும் அந்த ஒரு சொல்லில் தொங்கியது. அதை நான் அறுத்துவிட்டேன்.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது. நான் அடித்த ஒவ்வொரு ‘கீது’வுக்கும் கீழே பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். “இது இன்னாமா புள்ளி?” என்றார் ஏழுமலை. புத்தகம் அச்சானபோது புரூஃப் பார்த்தவள் நான். எனக்குத் தெரியாதா? ஆனால், பென்சிலை ஊன்றி ஊன்றி யோசிப்பது என் கணவரின் வழக்கம் என்று சொல்லிவிட்டேன். அவர் “சரிமா” என்றார். மூன்று நோட்டுகளில் புள்ளிகள் இருந்தன. நாலாவதில் புள்ளியும் இல்லை, என் சிவப்பு மையும் இல்லை. அதில் என் கணவரே “அவர் உள்ளே இருக்கிறார்” என்று எழுதத் தொடங்கியிருந்தார்.

அதன் பிறகு திரைக்கதை மளமளவென்று நகர்ந்தது. முதல் ஆறு எபிசோடுகள் முடிந்ததும் திருவொற்றியூரில் வாசகர்களைக் கூட்டி ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். ஒருவர் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாவலில் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிற பெண்ணை இப்படிக் கொச்சையாக்கிவிட்டீர்களே, யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று கேட்டார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை ஏழுமலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது என் வேலதான் சார். தப்புன்னா எம்மேல போடுங்க” என்றார். கேட்டவருக்குக் கைதட்டினார்கள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னை வீட்டில் விட ஆட்டோவில் கூடவே வந்தார். பாதி வழியில், வேறு ஏதோ பேசுவது போல ஆரம்பித்தார். “பிரஸ்ல இருந்த ஒரு பெரியவரக் கேட்டேம்மா. அடிச்சதுக்குக் கீய புள்ளி வெச்சா, விட்டுடு, இருந்தபடியே இருக்கட்டும்னு அர்த்தமாமே.”

நான் வெளியே லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நானும் விட்டுட்டேம்மா” என்றார். பிறகு, இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன மீன், வஞ்சிரமா சங்கராவா என்று கேட்டார். அவர் இறப்பதற்கு ஆறு வாரம் முன்பு நடந்தது இது. அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவர் போன இருபதாம் நாள், அவர் இடத்துக்கு வந்திருக்கும் புதிய எழுத்தாளர் தொலைபேசியில் பேசினார். மரியாதையான மனிதர். ‘கீது’ வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, நாவலிலும் அது இல்லை, அதனால் எல்லா இடத்திலும் ‘இருக்காரு’ என்று மாற்றியிருக்கிறோம், நீங்கள் ஒப்புதல் கையெழுத்து மட்டும் போட்டுக்கொடுங்கள் என்றார். தாள்கள் வந்தன. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடுகள். நானே போட்டவை போல இருந்தன.

கையெழுத்துப் போடாவிட்டால் தொடரையே கைவிடக்கூடும். அப்படி ஆனால் ஏழுமலையின் பெயர் கோமாளி வசனங்களோடு நின்றுவிடும். அந்தப் பெயரைத் திரையில் பார்க்கச் செல்வி காத்திருக்கிறாள். அவளைக் கேட்காமல் முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை என்று அவளிடமே போய்ச் சொன்னேன். கேட்காமல் முடிவெடுப்பது என்னவாகும் என்று நான் ஒருமுறை பார்த்தாயிற்று. அவள் மீன் அரிந்துகொண்டே கேட்டாள். “அது எய்துனத அதுவே மாத்தினா சரி. மத்தவங்க இன்னாத்துக்குமா மாத்தணும்?” என்றாள்.

வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்தேன். அவர்கள் அடித்த ஒவ்வொரு ‘கீது’வுக்கும் கீழே புள்ளி வைத்தேன். சில புள்ளிகள் நேராக இல்லை. நாவலில் அந்தச் சொல்லைத் திருத்தியது நான், ஆசிரியர் அல்ல என்று கடிதமும் எழுதி அனுப்பினேன். அன்று வாசலில் பேசிய அந்த இருவருக்கும், கைதட்டிய உங்களுக்கும் இங்கே அதையே சொல்கிறேன். ஏழுமலை நாவலைக் கெடுக்கவில்லை. கெடுத்தவள் நான். அவர் அதை இருந்தபடி ஆக்கினார். பழியையும் தானே வைத்துக்கொண்டார்.

நிறுவனத்தின் முடிவு இன்னும் வரவில்லை. தொலைபேசி அடித்தால் ஓடிப் போய் எடுக்கிறேன். கயிறும் கிளிப்புகளும் கூடத்தில் அப்படியே இருக்கின்றன. அவற்றைச் செல்வி கேட்டால் கொடுத்துவிடுவேன். ஏழுமலையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒரே ஒரு சொல். நேற்று அந்தப் புதிய எழுத்தாளர் மறுபடி கூப்பிட்டார். மூல நோட்டு உண்மையிலேயே என்னிடம் இருக்கிறதா என்று கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டார்.

“கீது” என்றேன்.