மூன்று வெட்டு மருந்து

நீளத் தாள்துண்டு மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. விரல்கள் அதன் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு வைத்து விரித்தபோது, பன்னிரண்டு வெட்டுகள் ஒரே இடைவெளியில் இறங்கின. ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஒரு வேளை மருந்து. இனிப் பசை தடவிப் போத்தலில் ஒட்டவேண்டியதுதான்.

திருகோணமலைக் கடைத்தெரு டிஸ்பென்சரிக்குப் போத்தல் கழுவ வந்தவள் கனகம்மா. டாக்டரின் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்தே மருந்துகளின் பெயரையும் அளவையும் படித்துக்கொண்டாள். இப்போது, அறுபத்து நாலாம் ஆண்டில், கலக்குவதெல்லாம் அவள்தான். வெளியே தைமாதத் தூறல். கப்பல்கள் நீரில் நிற்கின்றனவா முகிலில் நிற்கின்றனவா என்று தெரியவில்லை. போத்தலுக்குள் கலங்கிய வெள்ளை, அவசரமில்லாமல் அடியில் படிந்துகொண்டிருந்தது.

வாங்குப் பலகையில், கிண்ணியாவுக்கு ஆள் ஏற்றும் தோணிக்காரர் அபூதாஹிர் இருந்தார். நெஞ்செரிவுக்கும் செரியாமைக்குமாக நாலு நாளுக்கு முன் கொண்டுபோன போத்தல், நாள் பிசகாமல் முடிந்திருந்தது; அடுத்த போத்தலுக்கு வந்திருந்தார்.

"மூத்தவன் தோணியை விக்கப் போறானாம், தங்கச்சி."

"ஏன், அபூதாஹிர் நானா?"

"எனக்குக் கண் போயிட்டுதாம். பொழுதுபட்டு நோன்பு துறந்திட்டு ஒரு நடை தோணி வலிக்கிறனான். மூணு நாளா விளக்கு ரெண்டாத் தெரியுது. நேற்று ஆக்களோட போய்த் துறையில நிக்கிற மரக்குத்தியில இடிச்சிட்டன். குத்திதான் நகர்ந்தது எண்டன், ஒருத்தரும் நம்பயில்லை."

கனகம்மா சிரிக்கவில்லை. "வாய் காயுதா?"

"நாக்கு ஓலை மாதிரி."

"மருந்தை எப்பெப்ப குடிக்கிறீங்கள்?"

"மூணு வேளையெண்டு எழுதியிருக்கு. நோன்பில பகல்ல குடிக்க ஏலுமா? துறந்ததும் மூணு வெட்டையும் ஒண்டாக் குடிச்சிடுவன்."

கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். அது கலவை மருந்து. வெள்ளைத் தூள் வயிற்றுப் புளிப்பை அடக்கும்; கூடச் சேர்த்த பெல்லடோனாத் துளிகள் குடலின் இறுக்கத்தைத் தளர்த்தும். மூன்று மடங்கானால் அதே துளிகள் வாயை உலர்த்தும், கண்ணை மங்கவைக்கும். நோன்பு மாதமென்று தெரிந்தும் அவள் நேரத்தைக் கேட்காமல் கொடுத்துவிட்டாள்.

"வேற குளிசை ஏதும்?"

"முழங்கால் நோவுக்கு. கடையில வாங்கிறது, வெறுவயித்தில ஒண்டு விழுங்குவன்."

அவரை டாக்டரிடம் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள், தன் பிழையையும் சேர்த்து. டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். துளிகளை நீக்கினார், நெஞ்செரிவைக் கூட்டும் கடைக் குளிசையை நிறுத்தினார். இரண்டு நாள் தோணியைத் தொடவேண்டாம், பிறகும் மங்கினால் உடனே வரவேண்டும் என்றார்.

"அப்ப கண் போகயில்லையா?"

"மருந்துதான் மங்க வச்சது, நானா. மகனிட்ட அப்படியே சொல்லுங்கோ."

பன்னிரண்டு வெட்டுத் தாள் கூடைக்குள் போனது; கலக்கிவைத்த மருந்தைக் கொட்டிவிட்டு, துளிகள் இல்லாமல் புதிதாகக் கலக்கினாள். புதுத் தாளில் எட்டு வெட்டு வைத்து, ஒட்டி, பசை காயும்வரை காத்திருந்தாள்.

"நல்லாக் குலுக்கி, ராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வெட்டு, விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வெட்டு. ஒண்டு தவறினாலும் ரெண்டைச் சேர்க்கவேண்டாம்."

"ஓம்" என்று அபூதாஹிர் போத்தலை இரண்டு கையாலும் வாங்கினார்.